என் மகள் மொழிபெயர்த்த கேள்வி

மத்திய, ஊவா மாகாணங்களின் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

2022ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் கிளினிக் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள் பாடசாலைச் சீருடையோடு நின்றாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வைத்தியர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார். மகள் உடனே திருப்பிச் சொல்லவில்லை. கழுத்துப்பட்டியின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “உங்களுக்குச் செத்துப்போக வேண்டும் என்று எண்ணம் வருகிறதா என்று கேட்கிறார், அப்பா.”

“இல்லையென்று சொல்லம்மா” என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் அன்று எனக்கு மருந்து எழுதினார்கள். பெற்ற பிள்ளையின் வாயால் அந்தக் கேள்வி வரும்போது வேறு என்ன பதிலைச் சொல்ல முடியும்?

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த வைத்தியர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே வரிசையில் அத்தனை பேர் நிற்க, அவர் என் முகத்தைப் பார்த்துப் பொறுமையாகத்தான் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கடைச் சிங்களம்தான் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க, கடையில் சீனி வாங்க அது போதும். “நிந்த நே” என்று என்னால் சொல்ல முடிந்தது. தூக்கம் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் சொல்ல வேண்டியது எல்லாம் என் தொண்டையில் தமிழில் நின்றது.

நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், வேலை செய்கிறவன். இருபத்திரண்டு வருட வேலையில் பாதிக்கு மேல் இரவு முறை. வேலையைச் சொன்னால்தான் நோய் விளங்கும். மாலையில் மலையிலிருந்து வரும் கொழுந்தை மேல்மாடியில் பரப்பி, கீழிருந்து காற்று ஊதி வாட்டுவோம். ஈரம் பதமாக இறங்கிய பிறகுதான் ரோலருக்குப் போகும். அந்தப் பதம் பெரும்பாலும் நடுச்சாமம் தாண்டித்தான் வரும். ஊர் புரண்டு படுக்கிற நேரத்தில் எங்களுக்கு வேலை சூடு பிடிக்கும். டிசம்பரிலிருந்து மே வரையான சீசன் காலத்தில் எங்கள் ஸ்டோர் ஜன்னலில் நின்றால் சிவனொளிபாதமலைப் படிகளின் விளக்கு வரிசை தெரியும். அதைப் பார்த்தபடியே எனக்கு எத்தனையோ இரவுகள் விடிந்திருக்கின்றன.

விடிந்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதைக் காம்பிரா என்போம். சுவருக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி, இந்தப் பக்கம் கைக்குழந்தை. மேலே தகரம். வெயில் ஏறினால் பொரியும், மழை விழுந்தால் தப்படிக்கும். அதற்குள் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது, பகலில் படுத்தவனை அது முழுதாகத் தூங்க விடாது என்று பிற்பாடு எனக்கு விளக்கினார்கள். அந்த விளக்கம் கிடைத்தது மிகவும் பிந்தி. அதற்குள் பகல் முறைக்கு மாறிய வாரங்களிலும் இரவு இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டத் தொடங்கிவிட்டது. முழித்தால் விடியும்வரை கடன், தீபாவளி முற்பணம், தம்பி செய்த துரோகம், பத்து வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன ஒரு சொல் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

முதலில் போனது தூக்கம். பிறகு பசி. பிறகு பேச்சு. கோபம் கடைசியாகத்தான் வந்தது. ஆனால் வீட்டார் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஒரு நாள் மனைவி கொழுந்துக்குப் போய்விட்டு வந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சம்பலில் உப்புக் கூடிவிட்டது. அவ்வளவுதான். தட்டு சுவரில் போய் விழுந்தது. அலுமினியத் தட்டு, விளிம்பு மடங்கிவிட்டது. சின்னவன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். கூப்பிட்டேன், வரவில்லை. குனிந்து பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான். என் அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் நான் ஒளிந்த மூலை அது. காம்பிராவும் அதே காம்பிராதான், மூலையும் அதே மூலைதான்.

அன்றைக்குத்தான் இது திமிர் இல்லை, நோய் என்று எனக்கே பட்டது. ஆனால் நோய் என்றால் யாரிடம் போவது? எங்கள் பக்கம் இதற்கு இருக்கும் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திமிர் என்பார்கள், குடி என்பார்கள், செய்வினை என்பார்கள். அதற்கும் மேலே போனால், மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரால் அங்கொடைக் கேஸ் என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை.

நான் போன வழியைச் சொல்கிறேன். இதே வழியில் இன்றும் பலர் போய்க்கொண்டிருப்பதால் சொல்கிறேன். முதலில் சாராயம். அது இரண்டு மணி நேரம் அடித்துப் போடும், பிறகு நெஞ்சு படபடக்க எழுப்பிவிடும். மிச்ச இரவு முன்னைவிட மோசமாகும். அடுத்தது, கூட வேலை செய்பவர் தன் மாமியாருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் அரை அட்டை தந்தார். அடுத்தவருக்கு எழுதிய மருந்தை விழுங்குவது எவ்வளவு ஆபத்து என்றும், அந்த வகை மாத்திரைகள் பழகிவிட்டால் விடுவது எவ்வளவு கடினம் என்றும் அப்போது எனக்குத் தெரியாது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். தலைவலி என்றுதான் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே என் சொந்தக்காரர்கள் நான்கு பேர் நிற்கும்போது அதற்கு மேல் எப்படிச் சொல்வது? பனடோல் கிடைத்தது. பிறகு அம்மாவின் மனத்துக்காகக் கோடாங்கி. அவர் கட்டிய கயிறு இன்னும் என் கையில்தான் இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. கயிறு கட்டிய அன்று இரவும் இரண்டு மணிக்கு முழித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கடைசியில் கடன் வாங்கிக்கொண்டு கண்டிக்குப் போய், பணம் கட்டி வைத்தியரைப் பார்க்கும் ஒரு செனலிங் நிலையத்தில் நிபுணரைப் பார்த்தேன். வைத்தியர் கட்டணம், நிலையத்துக்கான கட்டணம், போக வர பஸ், பாமசியில் மருந்து எல்லாம் சேர்த்து ஐந்து நாட்சம்பளம் போனது. அப்போது எங்கள் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருடம் அது. மாதம் ஒரு முறை வரச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். மறுபடி போகவில்லை. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது உண்மை. அதோடு பஸ் கட்டணமும் மருந்து விலையும் எங்கே போய் நின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் அரசாங்கக் கிளினிக். இலவசம். இந்த நாட்டின் இலவச மருத்துவத்தை நான் ஒரு நாளும் குறைத்துப் பேச மாட்டேன். என் இரண்டு பிள்ளைகளும் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார்கள், என் அப்பாவின் கடைசி மூச்சும் அங்கேதான் நல்லபடியாகப் பிரிந்தது. ஆனால் அந்த இலவசம் எங்களுக்கு என்ன விலைக்கு வருகிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பெயர் என்று சொல்வோம். செக்ரோல் என்ற வரவுப் பதிவில் பெயர் விழுந்தால்தான் சம்பளம். கிளினிக் வார நாளில்தான் நடக்கிறது. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நம்பர் கிடைக்கும், திரும்பி வர மாலையாகும். ஆக மாதம் ஒரு கிளினிக்குக்கு ஒரு பெயர். துணைக்கு மனைவி வந்தால் இரண்டு பெயர். மொழிக்கு மகள் வந்தால் அவளுடைய ஒரு பாடசாலை நாள்.

அந்த அறையில் நான் சொன்னவை: மனம் பாரமாக இருக்கிறது, ஒன்றிலும் ஒட்டவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது, கை பரபரக்கிறது, பிள்ளைகளைப் பார்த்தால் அழுகை வருகிறது. மகள் வைத்தியரிடம் சொன்னது ஒரே வசனம். அப்பாவுக்குக் கோபம் வருகிறது, தூக்கம் வருவதில்லை. பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிற பிள்ளை அதற்கு மேல் எங்கே போவாள்? அவள் விட்டது எல்லாம் அவளுக்குத் தெரியாத சொற்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சில சொற்களை அவள் தெரிந்தே விட்டிருக்கிறாள். அப்பா அழுகிறார் என்று வெளி ஆளிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பேசவில்லை. நோர்வூட் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: “நிஜமாகவே இல்லையா, அப்பா?” இல்லை என்றேன். இந்த வருடம், அவள் உயர்தரம் படிக்கும் பெண்ணான பிறகு, ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். “எனக்கு அன்றைக்கே தெரியும்” என்றாள். நான்கு வருடம் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறாள் என் பிள்ளை. இரவில் நான் வெளியே போனால் அவள் கதவருகே வந்து நின்றது ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதிகாரிகளே, நான் பிழைத்துக்கொண்டது ஒரு தற்செயலால். மகளின் வகுப்பாசிரியர் ஒருவர் விஷயத்தை ஊகித்து, பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், போய்ப் பாருங்கள், பணம் கேட்க மாட்டார்கள் என்றார். அப்படி ஒரு பதவி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. போனேன். மலையகத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். முதலில் எழுந்து கதவைச் சாத்தினார். கதவு சாத்திய அறையில் ஒருவரோடு தனியாக உட்கார்ந்து பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. லயத்தில் பிறந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் வேலையைப் பற்றிக் கேட்டார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பிறகு அதே கேள்வியைத் தமிழில் கேட்டார்.

“செத்துப்போனால் நல்லது என்று நினைத்தது உண்டா, அண்ணா?”

உண்டு என்றேன். சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவர் கொடுத்த கடிதத்தோடு கிளினிக்குக்கு மறுபடி போனேன். விவரம் எல்லாம் அதில் எழுதியிருந்ததால் இந்த முறை வைத்தியருக்கு என் நோய் தெரிந்தது. இரத்தம் சோதித்தார்கள். தைரொயிட் கோளாறும் இரத்தச் சோகையும்கூட மனத்தையும் தூக்கத்தையும் கெடுக்கும் என்றார்கள். குறட்டை விடுவேனா, இடையில் மூச்சு நின்று திணறுவேனா என்று மனைவியிடம் கேட்டு வரச் சொன்னார்கள். ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளியே தெரியாது, எரிச்சலாகவும் கோபமாகவும் தெரியும் என்றும் அன்றுதான் கேள்விப்பட்டேன். ஃபுளுவொக்செட்டின் தந்தார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் பலன் தெரியாது, அதற்காக விட்டுவிடாதீர்கள், நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம் என்று கடிதத்தின் பின்பக்கம் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தத் துண்டு இல்லையென்றால் பத்தாம் நாளே நிறுத்தியிருப்பேன்.

ஆனால் என்னைத் தூங்க வைத்தது மாத்திரை மட்டும் இல்லை. அந்த உத்தியோகத்தர் என்னை ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூங்கியிருப்பேன், எத்தனை தடவை முழித்தேன், எப்போது எழுந்தேன் என்று தினமும் அதில் எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கொப்பியைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஒன்பது மணி நேரம் படுத்து நான்கு மணி நேரம் தூங்குகிறீர்கள், மிச்ச ஐந்து மணி நேரமும் கட்டிலில் சண்டைதான் என்றார். கட்டில் என்றால் சண்டை என்று உடம்பு பழகிவிட்டதாம். தூக்கம் வராவிட்டால் படுத்துக் கிடக்காமல் எழுந்து உட்காருங்கள், கண் சொக்கும்போது போய்ப் படுங்கள், எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், படுக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்றார். கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தூக்கம் இல்லாதவனைக் குறைவாகப் படுக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் ஐந்தரை மணி நேரம் ஒரே தூக்கம். கொப்பியில் அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கோபத்துக்கு அவர் சொன்ன வழியும் எளிமையானது. கோபம் முதலில் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று கவனிக்கச் சொன்னார். எனக்குத் தாடையில் தொடங்குகிறது. தாடை இறுகினால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைவரை நடந்துபோய் முகம் கழுவிவிட்டு வர வேண்டும், போகும்போது மனைவி பின்னால் கேள்வி கேட்கக் கூடாது, திரும்பி வந்து நான் அந்தப் பேச்சைத் தொடர வேண்டும். இது எங்கள் இருவருக்கும் ஒப்பந்தம். மனைவியையும் ஒரு நாள் அழைத்துப் பேசித்தான் இதை முடிவு செய்தார். இன்றும் மாதத்தில் இரண்டு முறையாவது பீலிக்கரைக்குப் போய் வருகிறேன்.

பதினொரு முறை அவரிடம் போனேன். ஒரு ரூபாய் வாங்கவில்லை. பிறகு அவர் மாற்றலாகிப் போனார். அந்த நாற்காலி ஏழு மாதம் வெறுமையாகக் கிடந்தது.

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சைதான், மாத்திரை அதற்கு அடுத்துத்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் துறையின் பாடம் அது. நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. பேச்சே மருந்து என்றால், எங்கள் மொழி இல்லாத அறையில் எங்களுக்கான மருந்து எங்கே இருக்கிறது? காய்ச்சலுக்கு உடம்பைத் தொட்டுப் பார்த்து மருந்து தரலாம். முறிந்த காலை ஊடுகதிர்ப் படம் பிடித்துப் பார்க்கலாம். மனத்தைப் பார்க்க வாய்தானே வழி? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. பெயர்ப் பலகைகளில் அது வந்துவிட்டது. கிளினிக் அறைக்குள்ளும் வர வேண்டும்.

இது என் ஒருவன் கதை என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவியின் தங்கை பதுளைப் பக்கம் ஒரு லயத்தில் இருக்கிறாள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதன் மேல் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை வந்தது. மலைகள் சரிந்து, நாடு முழுவதும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவளுடைய லயம் தப்பியது. ஆனால் அன்றிலிருந்து தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்குச் செருப்பை மாட்டியே படுக்க வைக்கிறாள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு சட்டை எல்லாம் ஒரு பையில் கதவருகே தொங்குகிறது. அவள் உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறாள். காலையில் வழக்கம்போலக் கொழுந்துக்குப் போகிறாள். பகலில் பிள்ளைகளை அடித்துவிடுகிறாள், பிறகு அணைத்துக்கொண்டு அழுகிறாள். புயலுக்குப் பிறகு அவளுக்கு அரிசி கிடைத்தது, பாய் கிடைத்தது. நீ தூங்குகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் கொட்டியிருப்பாள்.

பெண்களுக்கு இன்னும் கடினம். அவர்களுக்கு நோய் என்று படுக்கவே காம்பிராவில் இடம் கிடையாது.

1873ஆம் ஆண்டில், இந்த மலைகளில் கோப்பி நின்ற காலத்தில், மனநோயாளரைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதிய கட்டளைச் சட்டம்தான் பெயர் மாறியும் திருத்தம் கண்டும் எங்கள் காலம்வரை வந்திருக்கிறது. நோயாளியை எங்கே அடைப்பது என்று யோசித்த சட்டம் அது. ஆனால் இந்த நாட்டு அதிகாரிகள் வேறு விதமாகவும் யோசித்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக அதிகமான விகிதங்களில் அது ஒன்று. அப்போது கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் லயங்களில் இன்றும் பலர் பொலிஸ் கேஸாகிவிடும் என்று பயந்து விஷயத்தை மறைக்கிறார்கள், அந்தத் திருத்தம் அவர்கள் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் நான் இதைச் சொல்வது உங்கள் கையெழுத்தின் பலத்தை நினைவூட்டத்தான். மேசையில் உட்கார்ந்து எடுத்த ஒரு முடிவு ஆயிரக்கணக்கான வீடுகளில் சாவை நிறுத்தியிருக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சின்ன முடிவு.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்கு அருகிலேயே, தமிழ் பேசும் ஒருவரோடு உளநலக் கிளினிக் நடத்துங்கள். பெரிய கட்டடம் வேண்டாம். பிள்ளைகளை நிறுக்கவும் தடுப்பூசி போடவும் மருத்துவமாது பிள்ளைக்காம்பிராவுக்கு, அதாவது வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, வரும்போது நாங்கள் ஒழுங்காக வருகிறோம். அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே இடத்தில், அதே போல. ஊர் வாய்க்குப் பயந்தால் தூக்கத்துக்கான கிளினிக் என்று பெயர் வையுங்கள். தூக்கம் வரவில்லை என்று சொல்ல யாருக்கும் வெட்கம் இல்லை. அந்த வாசலால் நுழைந்தவர்கள் மிச்சத்தைத் தாமாகவே சொல்வார்கள், நான் சொன்னதைப் போல.

வார நாள் கிளினிக்கில் தமிழ் தெரிந்த வைத்தியரை உடனே அமர்த்த முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. ஒரு மொழிபெயர்ப்பாளரையாவது அமர்த்துங்கள். பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் தோட்டங்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரகசியம் காக்கவும், சொன்னதைச் சொன்னபடி சொல்லவும் பயிற்சி கொடுங்கள். அதுவரைக்கும் ஒன்றை மட்டும் கண்டிப்பாக உத்தரவு போட்டு நிறுத்துங்கள். எந்த உளநலக் கிளினிக்கிலும் சொந்தப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது. இதற்கு ஒரு சதம் செலவில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

உளவளத்துணை உத்தியோகத்தர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வந்து பொறுப்பேற்ற பிறகு போகட்டும். வைத்தியர் மாறினாலும், எனக்கு மூன்று பேர் மாறிவிட்டார்கள், கிளினிக் கொப்பியில் நோயாளியின் கதை ஒரு பக்கமாவது இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வது புண்ணைக் கிளறுவதுதான்.

தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் இதைப் படித்தால், அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைக்குப் பெயர் போடுங்கள். இரவு முறையை வாராவாரம் மாற்றி மாற்றிப் போடாமல், மாற்றத்துக்கு இடையில் உடம்பு பழக ஓரிரு நாள் விடுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தலைவர்கள் ஒரு முறையாவது தூக்கத்தைப் பற்றியும் அந்த மேசையில் பேசுங்கள்.

அதிகாரிகள் அல்லாத, இரவு இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு இதைப் படிக்கிற யாராவது இருந்தால் அவர்களுக்கு: தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பணமில்லாமல் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். இப்படி மனம்விட்டுப் பேச 1333 என்ற இலக்கமும் இருக்கிறது. லயத்தில் எங்கே நின்று பேசுவது என்று கேட்பீர்கள். நானும் சிறுத்தை நடமாடுகிற மலைப்பாதையில் நின்று பேசியிருக்கிறேன், அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பகலில், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பேசுங்கள். இரவில் நிலைமை முற்றிவிட்டால் வெட்கத்தைப் பார்க்காமல் வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் பகுதிப் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் யார் என்று நாளைக்கே விசாரித்து வையுங்கள். வீட்டில் அடி வாங்குகிற பெண்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நட்பு நிலையம் எங்கே என்று கேளுங்கள். சிங்களத்தில் மிதுரு பியச என்றாலும் காட்டுவார்கள்.

ஐயா, அம்மணி, எங்கள் டிவிசனில் உள்ளவர்களோடு பேசிவிட்டேன். பிள்ளைக்காம்பிரா ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. சாவி அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் இருக்கிறது, கேட்டால் தருவதாகச் சொன்னார். உள்ளே சின்ன அறை ஒன்று உண்டு. அதன் கதவு சாத்தாமல் இருந்தது. போன வாரம் நானும் இன்னொருவரும் அதைக் கழற்றி, இழைத்து, புதுக் கொளுக்கி போட்டிருக்கிறோம். இப்போது நன்றாகச் சாத்துகிறது. இரண்டு நாற்காலியும் ஒரு செம்பு தண்ணீரும் நாங்கள் வைக்கிறோம். எந்த ஞாயிறு வருவீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஸ்டோர் தொழிலாளி ஒருவர்,
மஸ்கெலியாவுக்கு மேலே